எம்21-1: முன்னாள் படைவீரரின் அங்கவீனக் கோரிக்கைக்குத் துணை நிற்கும் அலுவலர் கைந்நூல்

அமெரிக்க முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களம், அங்கவீனக் கொடுப்பனவுக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் தன் அலுவலர்களுக்கென ஆக்கி வைத்திருக்கும் எம்21-1 என்னும் நடைமுறைக் கைந்நூலை, 'நோ வி.ஏ.' என்ற இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம். கொழும்பில் இருந்துகொண்டு அந்தக் கொடுப்பனவைக் கோருபவர்களுக்கும், அவர்களுக்குக் கடிதம் எழுத உதவும் உறவினர்களுக்கும் இதைவிடப் பயன்தரும் ஆவணத்தை நான் கண்டதில்லை. இலங்கை அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் அத்தியாயத்தையும் பிரிவையும் குறிப்பிட்டு எழுதிய கடிதத்துக்கும், கஷ்டத்தை மட்டும் விவரித்து எழுதிய கடிதத்துக்கும் நமது திணைக்களங்களில் என்ன வேறுபட்ட கவனிப்புக் கிடைக்கும் என்பது அரச சேவையில் இருந்த எவருக்கும் தெரியும். அங்கும் நிலைமை அப்படித்தான்.

என் அத்தான் இளவயதில் அமெரிக்கா சென்று, அந்நாட்டுத் தரைப்படையின் பீரங்கிப் பிரிவில் பணியாற்றியவர். இப்போது வெள்ளவத்தையில் அக்காவுடன் வசிக்கிறார். இரண்டு காதுகளிலும் அவருக்கு ஓயாத இரைச்சல். சேவைக்கால மருத்துவப் பதிவுகளில் காது பற்றிய முறைப்பாடு எதுவும் இல்லை என்ற காரணத்தைக் கூறி அவருடைய கோரிக்கையை நிராகரித்திருந்தார்கள். "உதுக்கெல்லாம் ஆர் தம்பி அங்கை மருந்தெடுக்கப் போறது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. படையில் இருக்கும் இளைஞன் காது இரைகிறது என்று வைத்தியரிடம் ஓடுவதில்லை.

இதற்கான விடை கைந்நூலிலேயே இருக்கிறது. படையிலுள்ள ஒவ்வொரு தொழிற்பிரிவினரும் கேடு விளைவிக்கும் இரைச்சலுக்கு உட்பட்டிருக்கக்கூடிய வாய்ப்பை மிக அதிகம், நடுத்தரம், குறைவு என வகுத்துக் காட்டும் பட்டியல் ஒன்றை அது பயன்படுத்தச் சொல்கிறது. முதல் இரண்டு வகுப்புகளில் அடங்கும் ஒருவர் இரைச்சலுக்கு உட்பட்டார் என்பதை அலுவலர் ஏற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவப் பதிவில் முறைப்பாடு இல்லாதது அதற்குத் தடையாகாது. பீரங்கி இயக்குபவர் முதலாம் வகுப்பில் வருகிறார். அத்தானின் தீர்ப்புக் கடிதத்திலோ அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. செவிப்புலன் பரிசோதனைக்கும் அவரை அனுப்பவில்லை.

2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மேன்முறையீட்டுச் சீர்திருத்தத்தின்படி, தீர்ப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் துணைக் கோரிக்கை, உயர்நிலை மீளாய்வு, மேன்முறையீட்டுச் சபைக்கு முறையீடு என்னும் மூன்று வழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். துணைக் கோரிக்கைக்குப் புதிய, பொருத்தமான சான்று வேண்டும். கைந்நூலின் பந்தி சான்று அல்ல. எனவே, இருக்கும் கோவையையே மூத்த அலுவலர் ஒருவர் மீண்டும் பார்க்கும் உயர்நிலை மீளாய்வைக் கேட்டோம். அதற்கான கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. படைவிலகல் சான்றான டி.டி. 214 இல் உள்ள தொழிற்குறியீடு, கைந்நூலின் பந்தி எண், அந்தப் பந்தி கடைசியாகத் திருத்தப்பட்ட திகதி, அதன் வாசகம், அது பின்பற்றப்படவில்லை என்ற ஒரு வசனம் ஆகியவை மாத்திரமே அதில் இருந்தன. கையொப்பம் அத்தானுடையது. கோருபவருக்குச் சான்று திரட்ட உதவும் திணைக்களத்தின் கடமையில் தவறு நேர்ந்திருக்கிறது என்று மீளாய்வு அலுவலர் ஏற்றுக்கொண்டு பரிசோதனைக்கு உத்தரவிட்டார். காது இரைச்சலுக்கு 10 சதவீத அங்கவீன மதிப்பீடு கிடைத்தது. 2025 ஆம் ஆண்டு வீதப்படி அது மாதம் 175.51 டொலர். பணத்தைவிட, தன் வார்த்தையை நம்பினார்கள் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஆனாலும் இந்நூலின் எல்லையை அறிந்துதான் இதைக் கையாள வேண்டும். இது சட்டம் அல்ல. முதற்படித் தீர்ப்பு வழங்கும் அலுவலர்கள் இதன்படி நடக்கிறார்கள். வொஷிங்டனிலுள்ள மேன்முறையீட்டுச் சபையை இது கட்டுப்படுத்தாது என்று விதிமுறையே கூறுகிறது. சபை வரை போகிறவர்கள், கூட்டாட்சி ஒழுங்குவிதிகளின் 38 ஆம் தலைப்பையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் முன்வைத்தே வாதிட வேண்டும்.

கொழும்பில் வசிப்போருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. காது இரைச்சலை உணர்பவர் பாதிக்கப்பட்டவர் ஒருவரே என்பதால், அது உண்டு என்பதற்கு அவருடைய வாக்குமூலமே போதும். செவிப்புலன் இழப்புக்கு அப்படியல்ல: அமெரிக்க மாநிலம் ஒன்றின் அனுமதி பெற்ற நிபுணர் பரிசோதிக்க வேண்டும், மேரிலண்ட் சி.என்.சி. எனப்படும் ஆங்கிலச் சொற்பட்டியலைக் கொண்ட பேச்சறிதல் சோதனையும் அதில் இடம்பெற வேண்டும் என்பது விதி. ஆகவே இங்குள்ள தனியார் வைத்தியசாலையில் எடுத்த அறிக்கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதை மட்டும் வைத்துச் சதவீதம் நிர்ணயிக்க மாட்டார்கள். மொழிச் சிரமத்தால் பேச்சறிதல் சோதனை பொருத்தமற்றது என்று பரிசோதகர் சான்றளித்தால் வேறு அட்டவணையைப் பயன்படுத்த விதி இடம் தருகிறது. தமிழிலேயே வாழ்ந்து முதுமையடைந்தவர்கள் பரிசோதனையின்போது இதை எடுத்துச் சொல்வது நல்லது.

தளத்தைப் பற்றிய என் பெரிய குறை தேடல் வசதிதான். ஒரு நோயின் பெயரைக் கொடுத்தால் தொடர்பில்லாத பக்கங்கள் பலவும் வந்து குவிகின்றன. பாகம், உபபாகம், அத்தியாயம், பிரிவு என்று பொருளடக்கம் வழியே இறங்கிப் போவதுதான் விரைவானது. 2021 இல் நூல் முழுவதையும் மறுஒழுங்கு செய்தபோது எண்கள் மாறிவிட்டன என்பதால், பழைய கட்டுரைகளில் காணும் எண்ணை அப்படியே கடிதத்தில் எழுதக் கூடாது. கைத்தொலைபேசித் திரையில் அட்டவணைகள் வெட்டுப்படுகின்றன. தேவையான பந்தியைக் காலி வீதிக் கடையொன்றில் அச்செடுத்து, கோடிட்டு வாசித்தது வசதியாக இருந்தது. திருத்தங்களின் விபரங்களும் அத்தளத்திலேயே கிடைக்கின்றன. பழைய தீர்ப்பு ஒன்றை எதிர்ப்பவருக்கு இது மிகவும் பெறுமதியானது.

கோரிக்கையை வென்று தருவதாகக் கூறி, கிடைக்கப்போகும் கொடுப்பனவில் பங்கு கேட்ட வெளிநாட்டு நிறுவனம் ஒன்றும் அத்தானை அணுகியது. முதல் கோரிக்கையைத் தயாரித்துச் சமர்ப்பிப்பதற்கு எவரும் கட்டணம் அறவிட அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அமெரிக்கன் லீஜியன் போன்ற படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இதை இலவசமாகவே செய்து தருகிறார்கள். உதவ முன்வருபவர் அங்கீகாரம் பெற்றவர்தானா என்பதைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைக் கொடுத்துச் சரிபார்க்கலாம்.