பெங்களூரிலிருந்து லீவுக்கு எங்கே: எல்லை தாண்டுவதா, கர்நாடகாவுக்குள்ளேயே சுற்றுவதா?

பெங்களூர் கர்நாடகாவின் நடுவில் இல்லை. தென்கிழக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே இருந்துகொண்டு "லீவுக்கு வெளி மாநிலம் போகலாமா, உள்ளேயே சுற்றலாமா" என்று கேட்பதே கொஞ்சம் விசித்திரமான கேள்வி. ஓசூர் 40 கிலோமீட்டர். அங்கே வீடு எடுத்துக்கொண்டு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வருகிறவர்கள் தினமும் இரண்டு தடவை மாநில எல்லையைத் தாண்டுகிறார்கள், யாரும் அதைப் பயணம் என்று சொல்வதில்லை. பீதருக்குப் போவதென்றால் சுமார் 700 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க ரயிலில் போய் இறங்கினாலும் அதே கர்நாடகாதான். கன்னியாகுமரியும் இங்கிருந்து ஏறக்குறைய அதே தூரம். சென்னையும் மங்களூரும் ஆளுக்கு 350 கிலோமீட்டர் பக்கம்.

ஆக, எல்லைக் கோட்டை வைத்துத் தூரத்தை அளக்க முடியாது. ஆனால் செலவு, நேரம், டிக்கெட், அலைச்சல் என்று வந்தால் அந்தக் கோடு நன்றாகவே உறைக்கும். அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடுகிறேன்: ஊருக்குப் போவது. அல்சூர், மர்பி டவுன், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் என்று எந்தப் பக்கம் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் "வருஷத்துக்கு மூணு தடவை வெளியூர் போறோம்" என்பார்கள். விசாரித்தால் பொங்கலுக்குச் சேலம், தீபாவளிக்குச் சேலம், குலசாமி கும்பிட ஒரு தடவை மறுபடி சேலம். அது வேண்டியதுதான், நானும் போகிறேன். ஆனால் அதைச் சுற்றுலாக் கணக்கில் எழுதினால் லீவு முழுக்க அதிலேயே தீர்ந்துவிடும். இருபது வருஷமாக இந்த ஊரில் இருந்தும் ஹம்பியை எட்டிப் பார்க்காதவர்கள் ஏராளம், காரணம் இதுதான்.

இரண்டு மூன்று நாள் லீவு என்றால்

இங்கே போட்டி பெரும்பாலும் குடகுக்கும் ஊட்டிக்கும்தான். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வார இறுதிக்கு ஊட்டி வேண்டாம்.

இரண்டுக்கும் முதல் பாதி ஒரே வழி. 2023 மார்ச்சில் திறந்த மைசூர் எக்ஸ்பிரஸ்வே, சுமார் 119 கிலோமீட்டர். பைக்கில் போகிறவர்கள் கவனிக்க: அதே ஆகஸ்டிலிருந்து நடுவில் உள்ள முக்கியப் பாதையில் இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான். மைசூர் தாண்டியதும் வழி பிரிகிறது. குடகுக்கு ஹுன்சூர், குஷால்நகர் வழியாக மடிக்கேரி, மொத்தம் 265 கிலோமீட்டர் பக்கம். நடுவில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

ஊட்டிக்கு நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, பந்திப்பூர். காட்டு வழியில் ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டி விட மாட்டார்கள். 2009-லிருந்து இருக்கிற தடை இது. ராத்திரியில் யானையும் மானும் வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தடுக்கக் கொண்டுவந்தது, நியாயமானதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்புகிறவருக்கு இது என்ன ஆகிறது? கெங்கேரி டிராபிக்கைத் தாண்டவே எட்டு மணி. எப்படி ஓட்டினாலும் பந்திப்பூர் கேட் மூடியிருக்கும். ஒன்று மைசூரில் ரூம் போட வேண்டும், இல்லை சேலம், ஈரோடு பக்கம் சுற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாக ஏற வேண்டும்.

அப்புறம் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பதிவு செய்துவிட்டுத்தான் வண்டியில் போக வேண்டும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. மலை எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைத்த வரம்பு என்பதால் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கடைசி நேரத்தில் முடிவு செய்து கிளம்புகிற பெங்களூர்ப் பழக்கத்துக்கு அது ஒத்துவராது.

சொந்த வண்டி இல்லாமல் டாக்ஸி எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு நாளுக்கு மினிமம் இத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, டோல், இதெல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. எல்லை தாண்டினால் வண்டிக்கு ஆல் இந்தியா பெர்மிட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் தமிழ்நாட்டு வரி தனி, வயநாடு வழியாகத் திரும்பினால் கேரள வரியும் தனி. புக் பண்ணும்போது சொல்லாமல் செக்போஸ்ட்டில் வைத்து நீட்டுவார்கள். போனிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஒரே நாளில் போய்த் திரும்புவதற்கு மட்டும் நான் எல்லை தாண்டச் சொல்வேன். ஏலகிரி 160 கிலோமீட்டர்தான். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பாரி, கபிலர், அவ்வையார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பெங்களூரில் பிறந்த பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை நந்தி மலையில் பார்க்கிங்குக்கு நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆந்திராவில் லேபாக்ஷி 120 கிலோமீட்டர், விஜயநகர காலத்து ஓவியம், தரையைத் தொடாமல் தொங்கும் தூண், பெரிய ஒற்றைக்கல் நந்தி. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு

கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் நிறையக் குடும்பங்களுக்கு முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது. 2023 ஜூன் 11-லிருந்து சக்தி திட்டத்தில் கர்நாடகாவில் வசிக்கும் பெண்களுக்கு அரசு சாதாரண பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் கட்டணம் இல்லை. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்டினால் கண்டக்டர் ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். ராஜஹம்சா, ஏசி, ஸ்லீப்பர் வண்டிகளுக்கு இது கிடையாது. மாநிலம் தாண்டும் பஸ்ஸுக்கும் கிடையாது.

இந்த ஒரு விதி தெருவுக்குத் தெரு பயணத் திட்டத்தையே மாற்றிவிட்டது. பக்கத்து வீட்டு அக்காக்கள் நாலு பேர் சேர்ந்து தர்மஸ்தலா, குக்கே சுப்ரமண்யா, ஹொரநாடு என்று போய்விட்டு வருகிறார்கள். அதே அக்காக்கள் பழனிக்குப் போக வேண்டுமென்றால் முழு டிக்கெட். தமிழ்நாட்டில் மகளிர் இலவசப் பயணம் சாதாரண நகரப் பஸ்ஸில்தான், ஓசூரில் இறங்கி வெளியூர் வண்டி மாறினாலும் காசு கொடுத்தாக வேண்டும். முருகன் இரண்டு இடத்திலும் இருக்கிறார், ஒரு இடத்துக்கு டிக்கெட் இல்லை. குக்கேயில் இப்போது தமிழ் அதிகம் கேட்கிறது என்றால் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ரயில் நிலைமை வேறு. தமிழ்நாட்டுப் பக்கம் சமீபத்தில் நன்றாகவே தேறியிருக்கிறது: சென்னைக்கு 2022 நவம்பரில் வந்தே பாரத், கோயம்புத்தூருக்கு 2023 டிசம்பர் கடைசியில், மதுரைக்கு 2024 ஆகஸ்டில். மதுரை எட்டு மணி நேரத்துக்குள். ஆனால் இவை பகல் வண்டிகள், ஒரு பகல் லீவு அதிலேயே போய்விடும். கர்நாடகாவுக்குள் ஹம்பி எக்ஸ்பிரஸ், கார்வாருக்குப் பஞ்சகங்கா என்று படுத்துக்கொண்டு போய் விடியும்போது இறங்கலாம். பண்டிகை சமயத்தில் தமிழ்நாட்டு வண்டிகளில் இடம் கிடைக்காது, முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறந்தவுடன் முடிந்துவிடும். ஆம்னி பஸ் கட்டணத்தை அந்த வாரங்களில் பார்க்கவே வேண்டாம்.

"நம்ம ஊர் மாதிரி வருமா?"

உள்ளேயே சுற்றலாம் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் எதிர்வாதம் இது. கோயில் என்றால் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், காஞ்சிபுரம். கர்நாடகாவில் நமக்கு என்ன இருக்கிறது என்பார்கள். இதில் நான் அவர்களோடு சண்டை போடுவேன்.

மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் மேல்கோட்டை. வைணவர்களுக்குத் திருநாராயணபுரம். சோழ நாட்டிலிருந்து வெளியேறிய ராமானுஜர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியதாகச் சொல்லும் இடம். சன்னதியில் திவ்யப் பிரபந்தம் ஓதுவது காதில் விழும். வெளியே வந்தால் புளியோதரை, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கட்டுரை முடியாது. பங்குனி வைரமுடி சேவைக்கு மட்டும் கூட்டம் தாங்காது, மற்ற நாளில் ஸ்ரீரங்கத்தில் நிற்கிற வரிசையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

தலக்காடு, காவிரிக் கரையில் மணல் மூடிய கோயில்கள். 1004 வாக்கில் சோழர்கள் கங்கர்களிடமிருந்து பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் திரும்பப் பிடித்தான். பக்கத்தில் சோமநாதபுரம். அது பேலூர், ஹளேபீடுடன் 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோலார் கோலாரம்மா கோயில் சுவரில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. தங்கவயலுக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அப்படியே பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் மேல் பாதாமியும் பட்டதக்கல்லும். 642-ல் நரசிம்மவர்ம பல்லவன் பிடித்த வாதாபி அதுதான், அவன் வெட்டிய கல்வெட்டு அந்தப் பாறையில் இன்னும் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் சாளுக்கிய இரண்டாம் விக்ரமாதித்தன் காஞ்சியை வென்று பழி தீர்த்தான். ஆனால் ஊரைக் கொளுத்தவில்லை. கைலாசநாதர் கோயிலிலேயே கன்னடத்தில் கல்வெட்டு வெட்டிவிட்டு வந்தான். அந்த வெற்றிக்காக அவன் ராணி லோகமகாதேவி பட்டதக்கல்லில் எழுப்பிய விரூபாட்சர் கோயிலைப் பார்த்தால் காஞ்சிக் கோயிலின் சாயல் தெரியும். காஞ்சிபுரம் பார்த்திருக்கிற ஒரு தமிழருக்கு அங்கே கிடைப்பது வேறு யாருக்கும் கிடைக்காது. 450 கிலோமீட்டர், மூன்று நாள் வேண்டும். ஊட்டியில் போட்டிங்குக்கு நிற்கிற நேரத்தை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர்கள் சொல்வது சரி. முழங்கால் வலிக்கிறவர்களைப் பாதாமிக் குகைப் படிகளில் ஏற்ற முடியாது, மத்தியானம் ரசம் சாதம் கிடைக்கும் ஊர் அவர்களுக்கு வேண்டும். அவர்களுக்கு ஸ்ரீரங்கமே.

காவிரித் தகராறு சூடாகும் நாட்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்ததையும், அத்திப்பள்ளியில் இறங்கி மூட்டையோடு எல்லையை நடந்தே தாண்டியவர்களையும் இந்த ஊர்த் தமிழர்கள் மறக்கவில்லை. தீர்ப்பு வரும் வாரம் என்றால் இரண்டு திட்டத்தையும் தள்ளிப் போடுவதே உத்தமம்.

பத்து நாள் லீவு என்றால்

இங்கே என் தீர்ப்பு தலைகீழ். இவ்வளவு நாள் கையில் இருந்தால் கர்நாடகாவும் வேண்டாம், பக்கத்து மாநிலமும் வேண்டாம், விந்தியத்துக்கு அந்தப் பக்கம் போங்கள். மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கும் போக எல்டிசி (டிக்கெட் செலவை அரசே தரும் லீவுப் பயணச் சலுகை) உண்டு. சொந்த ஊர் என்று தமிழ்நாட்டைக் காட்டியவர்கள் சொந்த ஊருக்கென்று தரும் எல்டிசியை ஊருக்குப் போகப் பயன்படுத்துவார்கள். பெங்களூரே சொந்த ஊர், வேலையும் பெங்களூர் என்றால் அந்த சொந்த ஊர் எல்டிசியே கிடையாது. எனவே அல்சூரில் பிறந்து வளர்ந்தவர் அந்த ஒரு வாய்ப்பைக் கொடைக்கானலில் செலவழிப்பது எனக்குப் புரியவில்லை. தனியார் கம்பெனிக்காரர்களுக்குப் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும் நாலு வருஷத்தில் இரண்டு பயணத்துக்கு வருமான வரி விலக்கு, அதுவும் டிக்கெட்டுக்குத்தான், ஹோட்டல் பில்லுக்கு இல்லை. 2026-லிருந்து 2029 வரை புதிய நாலு வருஷக் கணக்கு.

எந்த மாதம் என்பதும் இதோடு சேர்ந்தது. பாதாமி, ஹம்பி, விஜயபுரா எல்லாம் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். ஜோக் அருவி மழை விடும் ஆகஸ்ட், செப்டம்பரில். மே மாதம் வட கர்நாடகாவில் பாறை கொதிக்கும், குடகிலும் சிக்கமகளூரிலும் ரூம் விலை கொதிக்கும், ஊட்டியில் இ-பாஸ். பள்ளிக்கூட லீவு வருவதும் அப்போதுதான். உள்ளே இருப்பதற்கு வழியே இல்லாத மாதம் அது ஒன்று. சிம்லாவோ டார்ஜிலிங்கோ போவதென்றால் மே முதல் வார ரயிலுக்கு மார்ச் முதல் வாரத்தில் டிக்கெட் போட வேண்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும், பரவாயில்லை, காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும்போது அவர்கள் தூங்கிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருக்கட்டும்.