ராகியின் தாய்வழி தேட எது சரி: பசுங்கணிக ஜீனோமா, உட்கரு மார்க்கரா?

ராகிக்கும் அதன் காட்டு உறவுகளுக்கும் வம்சாவளி மரம் வரைய வேண்டி வந்தபோது முழுப் பசுங்கணிக ஜீனோமைத் தேர்ந்தெடுத்தேன், அதாவது இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகத்தின் (குளோரோபிளாஸ்ட்) சொந்த டிஎன்ஏ முழுவதையும். பெங்களூரில் ஹெப்பாள் பக்கம் சிறுதானிய ஆய்வுக்கு வந்து சேரும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, குளோரோபிளாஸ்ட் மட்டும் போதுமா, இல்ல ஜிபிஎஸ் போடணுமா?" இந்த ஜிபிஎஸ் வழிகாட்டும் கருவி அல்ல, ஜீனோடைப்பிங்-பை-சீக்வென்சிங்: செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏவின் சில துண்டுகளை மட்டும் படித்து வேறுபாடுகளைக் காணும் முறை. ஒருவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது நல்லது.

பார்கோடு மரபணுக்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2009-ல் தாவரங்களுக்கான பொதுப் பார்கோடாக ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு பசுங்கணிகப் பகுதிகளைப் பரிந்துரைத்தார்கள். ஒரு இலை எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள அவை போதும். பயிரையும் அதை ஒட்டிய காட்டுச் செடியையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு அவற்றில் வேறுபாடு கிடையாது. ஆகவே போட்டி இரண்டுக்குத்தான்: முழுப் பசுங்கணிக ஜீனோம், அல்லது ஜிபிஎஸ் போன்ற முறையில் உட்கருவிலிருந்து எடுக்கும் ஆயிரக்கணக்கான மார்க்கர்கள் (செடிக்குச் செடி வேறுபடும் டிஎன்ஏ இடங்கள்).

செலவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராகியின் உட்கரு ஜீனோம் ஏறத்தாழ 120 கோடி எழுத்து (டிஎன்ஏவின் ஒவ்வொரு அலகையும் எழுத்து என்கிறேன்). 2017-ல் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகக் குழு எம்எல்-365 ரகத்தில் வெளியிட்ட வரைவின் அளவும் அதை ஒட்டியதே. பசுங்கணிக ஜீனோம் சுமார் 1.35 லட்சம் எழுத்துதான். ஒரு இலைச் செல்லில் அதன் நகல்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கும். இலையின் மொத்த டிஎன்ஏவை எடுத்து 100 கோடி எழுத்து அளவுக்கு மேலோட்டமாகப் படித்தாலே போதும். அதில் 5 சதவீதம் பசுங்கணிகத்தினுடையது என்று வைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு இடமும் ஏறத்தாழ 370 முறை படிக்கப்பட்டிருக்கும். கெட்ஆர்கனெல், நோவோபிளாஸ்டி போன்ற இலவச மென்பொருள்கள் அதை வட்டமாகக் கோத்துத் தந்துவிடும். ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளின் சேமிப்பகம்) பல ஆண்டு கிடந்து சிதைந்த தாள் மாதிரியிலும் இது பெரும்பாலும் நடக்கும். ஜிபிஎஸ்ஸுக்கு உடையாத நல்ல டிஎன்ஏ வேண்டும்.

ஆனால் நான் முடிவெடுத்தது செலவைப் பார்த்து அல்ல. இன்று எடுக்கும் தரவு நாளைக்கு வேறொருவருக்குப் பயன்படுமா என்பதே எனக்கு முக்கியமாக இருந்தது.

ஜிபிஎஸ்ஸில் ஒரு வெட்டு நொதியால் டிஎன்ஏவை நறுக்கி, அந்த வெட்டுகளை ஒட்டிய துண்டுகளை மட்டும் படிக்கிறோம். ஒரு ஆய்வகம் ஏபிஇகே1 நொதியைப் பயன்படுத்தும், இன்னொன்று பிஎஸ்டி1, எம்எஸ்பி1 ஜோடியைப் பயன்படுத்தும். இரண்டும் ஜீனோமின் வெவ்வேறு இடங்களைத் தொடுகின்றன. ஒரே நொதியைப் பயன்படுத்தினாலும் படித்த ஆழமும் வடிகட்டிய விதமும் மாறினால் விடுபட்ட இடங்கள் மாறிவிடும். இரண்டு தொகுப்புகளையும் ஒட்டினால் செடிகள் உறவுப்படி கூடாமல் ஆய்வகப்படி கூடி நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு குழு, அருமையான ஜிபிஎஸ் தொகுப்பு கையில் இருந்தும், புதிதாகக் கிடைத்த ஆப்பிரிக்கக் காட்டு மாதிரிகளை அதில் சேர்க்க முடியாமல் பழையவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று.

பசுங்கணிக ஜீனோமில் இந்தச் சிக்கல் இல்லை. அது முழுமையான ஒரு வட்டம், இடம் மாறாத முகவரி. ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவகத்தில் யாரோ எப்போதோ போட்ட, ராகியின் காட்டு உறவான எலூசினே இண்டிகாவின் வரிசையை இறக்கி, என் மாதிரிகளோடு எழுத்துக்கு எழுத்து அடுக்கலாம். பத்து வருடம் கழித்து வருபவர் என்னுடையதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் முழுப் பசுங்கணிக ஜீனோம்கள் 1986-ல் வந்தன, புகையிலையும் ஒரு ஈரலுருச் செடியும். நெல் 1989-ல் வந்தது. அந்தப் பழைய வரிசைகளையும் இன்றைய அடுக்கில் சேர்க்கலாம். ராகிக்கு வருவோம். அதன் உட்கருவில் இரண்டு மூதாதைகளிடமிருந்து வந்த ஏ, பி என்ற இரண்டு ஜீனோம்கள் உண்டு. 1988-ல் கிதிர் ஹிலு என்ற ஆய்வாளர் பசுங்கணிக டிஎன்ஏவை நொதியால் வெட்டி, பட்டைகளை ஒப்பிட்டுத்தான் ராகியின் ஏ ஜீனோம் எலூசினே இண்டிகா வழியில் வந்தது என்றார். பெங்களூரில் நடைபாதை ஓரமெங்கும் முளைக்கும் அதே புல். எலூசினே டிரிஸ்டாக்கியா என்ற இன்னொரு காட்டு இனமும் அதற்கு மிக நெருக்கம் என்பது சேர்ந்திருக்கிறதே தவிர, அந்த முடிவின் அடிப்படை அசையவில்லை.

இந்த மறுபயனைக் கெடுப்பது ஒரு சின்னக் கவனக்குறைவு. பசுங்கணிக வட்டத்தில் ஒரு பெரிய தனிப்பகுதி, ஒரு சிறிய தனிப்பகுதி, நடுவில் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கும் இரட்டைப் பகுதிகள். சிறிய தனிப்பகுதி ஒரே செடிக்குள்ளேயே இரண்டு திசையிலும் இருக்கும். மென்பொருள் எந்தத் திசையில் கோத்துத் தருகிறது என்பது தற்செயல். அதைத் திருப்பிச் சரிசெய்யாமல் அடுக்கினால் பெரிய தலைகீழ் மாற்றம் நடந்ததுபோலத் தெரியும். அதைப் பரிணாம நிகழ்வு என்று எழுதிய வரைவுகளைத் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். ஜென்பேங்கில் சேர்க்கும் முன் திசையைப் பாருங்கள். மூலத் தரவையும் கூடவே போடுங்கள்.

ராகி விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அது நான்மடியப் பயிர் (நான்கு குரோமோசோம் தொகுதிகள் கொண்டது), 36 குரோமோசோம். ஏ, பி என்று இரண்டு ஜீனோம்களும் பக்கத்துப் பக்கத்தில். குறுந்துண்டுகளில் ஒரு எழுத்து வேறுபட்டால் அது இரண்டு செடிகளுக்கு இடையிலான வேறுபாடா, ஒரே செடியின் ஏ-க்கும் பி-க்கும் இடையிலானதா என்று பிரிக்கவே பாதி உழைப்பு போய்விடும். பசுங்கணிகத்தில் அந்தக் குழப்பமே இல்லை.

சரி, இது எங்கே கைவிடும்? பசுங்கணிகம் பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய்வழியாக மட்டுமே வருகிறது. ராகியின் பி ஜீனோமைத் தந்த பெற்றோர் இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. அதைத் தேடுபவருக்கு என் முறையால் ஒரு பயனும் இல்லை. நம் எலுமிச்சையைப் பாருங்கள். பசுங்கணிகம் மைக்ராந்தா என்ற பிலிப்பைன்ஸ் காட்டு வகையைத்தான் காட்டும். தந்தையான சிட்ரான் என்ற இன்னொரு எலுமிச்சைக் குடும்ப மரம் உட்கருவில்தான் தெரியும். வாழையில் பசுங்கணிகம் தாய்வழி, சொந்த டிஎன்ஏ கொண்ட இன்னொரு செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா தந்தைவழி. அங்கே இரண்டையும் எடுத்தால் இருபக்கக் கதையும் கிடைக்கும். அப்படிப்பட்ட அதிர்ஷ்டம் ராகிக்கு இல்லை.

இன்னும் ஆழமான குறை ஒன்றுண்டு. 1.35 லட்சம் எழுத்து இருந்தாலும் அவை கலந்து பிரிவதில்லை, மொத்தமும் ஒரே சாட்சி. மரத்தின் கிளைகளில் 100 சதவீத ஆதரவு எண்கள் (அந்தக் கிளை எவ்வளவு உறுதி என்று காட்டுபவை) வரிசையாக நிற்கும். பார்த்து மயங்கக்கூடாது. அது பசுங்கணிகத்தின் வரலாற்றுக்கான உறுதி, செடியின் முழு வரலாற்றுக்கானது அல்ல. நெல்லில் இது தெளிவாகவே தெரியும்; இண்டிகா, ஜப்பானிகா என்பவை அதன் இரு பெரும் பிரிவுகள். பெரும்பாலான இண்டிகா ரகங்களின் பசுங்கணிகத்தில் ஓரிடத்தில் 69 எழுத்து குறைந்திருக்கும், ஜப்பானிகாவில் அது முழுதாக இருக்கும். அதை மட்டும் வைத்தால் இரண்டு தாய்வழிகள், இரண்டு தனித்தனிப் பயிராக்கங்கள் என்று எழுதத் தோன்றும். ஆனால் விதை உதிராமல் நிற்க உதவும் எஸ்எச்4 மரபணு இரண்டிலும் ஒரே வடிவில் இருக்கிறது. இடையில் கலப்பு நடந்திருக்கிறது. அதைச் சொன்னது உட்கருதான்.

ஜிபியு-28 போன்ற ராகி ரகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதற்கும் பசுங்கணிகத்தை நம்பாதீர்கள். பயிருக்குள் வேறுபாடு மிகக் குறைவு. அந்த வேலைக்கு ஜிபிஎஸ்தான்.

மேலோட்டமாகப் படித்த அதே தரவில் ரைபோசோம் டிஎன்ஏவும் (புரதம் செய்யும் ரைபோசோமுக்கான மரபணுக்கள்) ஏராளமாகக் கிடைக்கும். அது உட்கருவைச் சேர்ந்தது, இரு பெற்றோரிடமிருந்தும் வருவது. அதிலிருந்து ஒரு மரம் போட்டு, பசுங்கணிக மரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் முரண்படும் இடத்தில் கலப்பைச் சந்தேகிக்கலாம். நான்மடியச் செடிகளில் ஒரு பெற்றோரின் நகல் மற்றதை விழுங்கிவிடுவதும் உண்டு என்பதால் இதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் மாதிரிகள் அத்தனையிலும் இதைச் செய்து முடிக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. பூக்கும் தாவரங்கள் அனைத்துக்கும் பொதுவான 353 உட்கரு மரபணுக்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் கிட், 2019-ல் வந்தது. எல்லோரும் அதே மரபணுக்களை எடுப்பதால் தரவு சேர்ந்துகொண்டே போகும், தந்தைவழியும் தெரியும். நான் பெரிதாகச் சொல்லும் மறுபயன் அதற்கும் உண்டு. என் கையால் அதைச் செய்து பார்த்ததில்லை. ராகி போன்ற நான்மடியத்தில் ஏ, பி நகல்களை அது எவ்வளவு சுத்தமாகப் பிரித்துத் தரும் என்பதை, செய்தவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அந்த வழியில் போனாலும், பொறுக்கலில் சிக்காமல் கூடவே வரும் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல சமயம் அவற்றிலிருந்தே பசுங்கணிக ஜீனோமைக் கோத்துவிடலாம், ஏற்கெனவே உள்ள ராகி வரிசைகளோடு அப்படியே சேர்க்கலாம்.