நடவா, விதைப்பா? பாலிமர் தூரிகைப் பூச்சில் இரண்டு வழிகள்

கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டை விடுதியாக மாற்றிக்கொண்டிருக்கும் சித்தப்பா கேட்டார்: "பாலிமர் தூரிகைப் பூச்சு என்கிறார்களே, சுவர், தரை, கண்ணாடி எல்லாவற்றிலும் அடித்துவிடலாமா?" தூரிகையால் அடிக்கும் பூச்சு என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை, இங்கே பூச்சேதான் தூரிகை.

பெயின்ட் பரப்பின் மேல் போர்வை போலக் கிடப்பது. ஓரம் தூக்கினால் பாளமாக உரியும். பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. தூரிகைப் பூச்சில் ஒவ்வொரு பாலிமர் சங்கிலியும் ஒரு முனையில் மட்டும் வேதிப்பிணைப்பால் பரப்போடு கட்டுண்டிருக்கும். சங்கிலிகள் நெருங்க நெருங்க, படுக்க இடமின்றி எல்லாம் தூரிகை மயிர் போல நிமிர்ந்து நிற்கும். இயற்பியலாளர்கள் அலெக்சாண்டர் 1977-இலும் டி ஜென் 1980-இலும் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வழுக்குவதும் அழுக்கை அண்டவிடாததும் பெரும்பாலும் இந்த நெருக்கத்தால்தான்.

அந்த நெருக்கத்தை உண்டாக்க இரண்டு வழிகள். வளர்ந்த சங்கிலியைக் கொண்டுவந்து பரப்பில் ஒட்டுவது ஒன்று. அதை நடவு என்று வைத்துக்கொள்வோம். பரப்பில் தொடக்கி மூலக்கூறுகளைப் பதித்து, அங்கிருந்தே சங்கிலியை வளர்ப்பது மற்றொன்று. அது நம் சிவகங்கைச் சீமையின் புழுதி விதைப்பு மாதிரி.

நடவு எளிது. கரைசலில் முக்கி, கழுவி எடுத்தால் முடிந்தது. சங்கிலியின் நீளமும் முன்கூட்டியே தெரியும். ஆனால் வயல் உவமை இங்கே நொண்டுகிறது. நாற்று நிமிர்ந்து நிற்கும். கரைசலில் வரும் சங்கிலியோ நூல்கண்டு போலச் சுருண்டு வரும். முதலில் வந்தவை பந்தியில் சப்பணமிட்டு அமர்ந்துவிட, பின்னால் வருபவற்றுக்கு இடமில்லை. தடிமன் பெரும்பாலும் 10 நானோமீட்டருக்குள் நின்றுவிடுகிறது.

விதைப்பில் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே நுழைய வேண்டியது சங்கிலியின் ஒற்றைக் கண்ணியான சின்னஞ்சிறு மோனோமர்தான். எனவே 100 நானோமீட்டரைத் தாண்டியும் அடர்த்தியாக வளர்க்கலாம். 1995-இல் வந்த தாமிர வினையூக்கி முறை சங்கிலிகளை ஏறத்தாழ ஒரே உயரத்தில் வளர்க்க உதவியது. ஜப்பானில் செயற்கை இடுப்பு மூட்டின் பாலிஎத்திலீன் கிண்ணத்தில் ஒளியைக் கொண்டு இப்படி வளர்த்த பூச்சு 2011-இல் பயன்பாட்டுக்கு வந்தது. தரத்தில் என் ஓட்டு விதைப்புக்கே. தொல்லை ஆக்சிஜன். வழக்கமான முறைகளில் அது வளர்ச்சியை முடக்கிவிடும். நைட்ரஜன் நிரப்பிய கலத்தில் வைத்துச் செய்ய வேண்டும். மூட்டுக் கிண்ணத்துக்குச் சரி, முகப்புத் தரைக்கு யார் நைட்ரஜன் பந்தல் போடுவது?

எந்தச் சங்கிலி என்பதும் முக்கியம். 32 பாகை செல்சியஸுக்குக் கீழே நீரில் விரிந்து, அதற்கு மேல் சுருங்கும் ஒரு வகை உண்டு. ஆய்வகத்தில் வித்தை காட்டும். காரைக்குடிச் சித்திரையில் பகலில் பெரும்பாலும் சுருங்கியே கிடக்கும்.

சித்தப்பாவின் ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை அது. ஐசோபுரொப்பனால் என்ற ஆல்கஹாலில் ஒரு சிலேனும் (சிலிக்கான் சேர்ந்த வேதிப்பொருள்) கொஞ்சம் கந்தக அமிலமும் கலந்து, கண்ணாடியை முக்கி எடுத்து உலரவிட்டால், சிலிக்கோன் சங்கிலிகள் பரப்பிலேயே வளர்கின்றன. நைட்ரஜன் தேவையில்லை, காற்றின் ஈரப்பதத்தைக் கவனித்தால் போதும். லேசாகச் சாய்த்தாலே நீர்த்துளி தடமின்றி நழுவும். மாட்டிய கண்ணாடியை அமிலத்தில் முக்க முடியாது. புதிதாக வாங்குவதற்குத்தான் இது.

சுவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். இவ்வகைச் சிலேன் கண்ணாடியின் சிலிக்காவைப் பிடித்துக்கொள்ளும். முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த பூச்சோ அடிப்படையில் சுண்ணாம்பு. அதில் பிடிப்பு நிற்காது; அமிலம் பட்டால் பொங்கும், சுவரின் பளபளப்பும் போய்விடும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்ட். அதன் காரம் சிலிக்கோன் பிணைப்பை மெல்ல அரிக்கும். அந்தக் கல்லின் பளபளப்பு, கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து வார்ப்பதால் வந்தது. தரைக்கு இப்போதைக்குத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியே போதும் என்று சொல்லிவிட்டேன். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.