விழிப்புக்கு எந்த மருந்து? டோபமைன், ஹிஸ்டமின், ஒரெக்சின்

நார்கோலெப்சி நோயாளிகளைச் சோம்பேறி என்று திட்டும் வழக்கம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்னும் ஒழியவில்லை. அடக்க முடியாத பகல் தூக்கம் இந்த நோயின் ஒரு பாதி. மறுபாதி இன்னும் கொடியது. வாய்விட்டுச் சிரித்த மறுநொடி முழங்கால் மடங்கும், தாடை தொங்கும், கையிலிருந்த டம்ளர் கீழே விழும். நினைவு மட்டும் தெளிவாகவே இருக்கும். இதற்குக் கேடப்லெக்சி என்று பெயர். ஆகவே எந்த மருந்தையும் இரண்டு கேள்விகள் கேட்டுத்தான் எடைபோடுவேன்: தூக்கத்தை விரட்டுகிறதா? இந்தத் தளர்ச்சியைத் தடுக்கிறதா?

காபி இரண்டாவது கேள்வியிலேயே தோற்றுவிடும். விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும் அடினோசினை, நரம்பணுக்களில் அது ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் ஒட்டவிடாமல் காஃபின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. களைத்தவருக்கு அது போதும், நோயாளிக்குப் போதாது.

விழிப்பைத் தூண்டும் மூளை வேதிப்பொருளான டோபமைன் வழியில் வரும் மருந்துகளில் பரவலாகப் பயன்படுவது மொடாஃபினில். பிரான்ஸில் உருவாகி, 1998இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. வெளியான டோபமைனை நரம்பணு மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை இது தடுக்கிறது. காலையில் விழுங்கினால் பகல் முழுவதும் தாங்கும். பழைய ஊக்க மருந்தான ஆம்ஃபெட்டமின் அளவுக்கு அடிமைப்படுத்தும் ஆபத்தும் இல்லை. ஆனால் கேடப்லெக்சியை இது கட்டுப்படுத்துவதில்லை. கருத்தடை மாத்திரையின் வலுவையும் குறைத்துவிடும். மருந்துச் சீட்டு எழுதுகிறவர் இதைப் பெண்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஹிஸ்டமின் என்றால் நமக்கு அரிப்பும் தும்மலும்தான் நினைவுக்கு வரும். மூளையில் அது விழிப்பின் தூதுவன். சளிக்குப் போடும் குளோர்ஃபெனிரமின் மாத்திரை கண்ணைச் சொருக வைப்பது அந்தத் தூதை மறிப்பதால்தான். பிட்டோலிசன்ட் எதிர்த்திசையில் செல்கிறது: ஹிஸ்டமின் வெளியீட்டுக்குக் கடிவாளமாக இருக்கும் எச்3 ஏற்பியை அடக்கி, சுரப்பைக் கூட்டுகிறது. ஐரோப்பாவில் 2016இலும் அமெரிக்காவில் 2019இலும் அனுமதி கிடைத்தது. கேடப்லெக்சியையும் குறைக்கிறது என்பதால் மொடாஃபினிலைவிட இதற்கே என் ஓட்டு. ஆனால் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதைச் சாப்பிடுகிறவர் அந்தச் சளி மாத்திரையைப் போட்டால் ஒன்றன் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். கருத்தடை மாத்திரை பற்றிய எச்சரிக்கை இதற்கும் உண்டு.

இவை இரண்டும் காணாமல் போன ஒன்றுக்கு ஈடுகட்டப் பார்க்கின்றன. அந்த ஒன்று ஒரெக்சின் என்ற மூளைத் தூதுப்பொருள். 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்த இதற்கு ஹைப்போகிரெட்டின் என்ற பெயரும் உண்டு. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் பக்கவாட்டில் இருக்கும் சில பத்தாயிரம் நரம்பணுக்கள் மட்டுமே இதைச் சுரக்கின்றன. டோபமைன், ஹிஸ்டமின் அணுக்களைத் தட்டி எழுப்புவதும் இவைதான். ஒரெக்சின் ஏற்பியில் பழுதுள்ள டாபர்மேன் நாய்களுக்கு நார்கோலெப்சி வருவதை ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மின்யோவின் குழு 1999இல் காட்டியது. மறு ஆண்டே, நோயாளிகளின் மூளையில் இந்த அணுக்கள் பெரும்பாலும் அழிந்திருப்பது உறுதியானது. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு: ஒரெக்சினை மறிக்கும் சுவோரெக்சன்ட் 2014இல் தூக்கமின்மைக்கு மருந்தாகவே வந்துவிட்டது.

இல்லாததைக் கொடுத்துவிடலாமே என்றால், ஒரெக்சினை மாத்திரையாக விழுங்கி மூளைக்குள் அனுப்ப முடியாது. அதன் ஏற்பியைத் தூண்டும் சிறிய மூலக்கூறு வேண்டும். அப்படி வந்த டாக்-994 என்ற சோதனை மருந்து இரண்டு கேள்விகளிலும் அபாரமாகத் தேறியது. சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததால் 2021இல் ஆய்வே நிறுத்தப்பட்டது. அதே வழியில் அடுத்து வந்த மருந்து ஓவெபொரெக்ஸ்டன். மங்கிய வெளிச்சமுள்ள அறையில் 40 நிமிடம் சும்மா உட்கார வைத்து, எப்போது தூங்கிப்போகிறார் என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஐந்தாறு நிமிடத்தில் சாய்ந்தவர்களில் பலர் இந்த மருந்தால் நோயற்றவர்களைப்போல விழித்திருந்தார்கள். கேடப்லெக்சியும் வெகுவாகக் குறைந்தது. கல்லீரல் சிக்கல் தென்படவில்லை. இரவுத் தூக்கம் கெடுவதும் அடிக்கடி சிறுநீர் முட்டுவதும் இதன் குறைகள். 2025இல் மூன்றாம் கட்ட ஆய்வுகளிலும் தேறிவிட்டது.

ஒரெக்சின் அணுக்களை இழந்த முதல் வகை நோயாளிகளுக்கு மற்ற எதுவும் இதற்கு அருகில் வராது என்பதில் எனக்கு ஐயமில்லை. கேடப்லெக்சி இல்லாத இரண்டாம் வகையினர் பலருக்கு ஒரெக்சின் இயல்பான அளவிலேயே இருக்கிறது. அவர்களிடமும் இந்த வழி பலிக்குமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. அதுவரை அவர்கள் மொடாஃபினில், பிட்டோலிசன்ட் போன்றவற்றையே நம்பியிருக்க வேண்டும்.