நானோ நகல் போர்டு: முப்பது கால்களில் எதை நம்பலாம்?

சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப்போடு வரும் ஆர்டுயினோ நானோ நகல் போர்டில் மூளை வழக்கமான ஏடிமெகா328பி தான். வாங்கும்போது சிப்பின் முதுகில் உள்ள எழுத்தைப் படித்துவிடுங்கள். எல்ஜிடி8எஃப்328பி என்றிருந்தால் அது வேறு சிப். கீழே சொல்லும் கணக்குகள் அதற்குப் பொருந்தாது.

போர்ட் பின், அதாவது சிப்பின் இன்புட்-அவுட்புட் கால், எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட எளிய போர்டு கிடைப்பது கடினம். டி0 முதல் டி7 வரை போர்ட் டி, டி8 முதல் டி13 வரை போர்ட் பி, ஏ0 முதல் ஏ5 வரை போர்ட் சி. ஒவ்வொரு போர்ட்டுக்கும் மூன்று ரெஜிஸ்டர்கள், அதாவது சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள். டிடிஆர் திசையைத் தீர்மானிக்கும்: 1 அவுட்புட், 0 இன்புட். போர்ட் ரெஜிஸ்டருக்கு இரட்டை வேலை. அவுட்புட்டாக இருக்கும் பின்னில் அது 5 வோல்ட்டா (ஹை) பூஜ்யமா (லோ) என்று முடிவு செய்யும். இன்புட்டாக இருந்தால் உள்ளே இருக்கும் புல்-அப்பை, அதாவது பின்னை 5 வோல்ட் பக்கம் இழுக்கும் ரெசிஸ்டரை, போடும், எடுக்கும். மூன்றாவதான 'பின்' ரெஜிஸ்டர் காலின் நிலையை வாசிக்க. அதில் 1 எழுதினால் அவுட்புட் தலைகீழாகும்.

எல்இடி மினுக்கென்று மங்கலாக எரிந்தால் காரணம் பெரும்பாலும் இந்த இரட்டை வேலைதான். திசையைச் சொல்லும் பின்மோட் கட்டளையை எழுத மறந்து ஹை மட்டும் எழுதியிருப்பீர்கள். பின் இன்னும் இன்புட். எல்இடிக்குப் போவது 20 முதல் 50 கிலோ ஓம் புல்-அப் வழியாகக் கசியும் மின்சாரம் மட்டும். ரிலே மாட்யூல் போர்டு உயிர்பெறும்போது ஒருமுறை 'டக்' என்று அடிக்கிறதா? லோவில் இயங்கும் மாட்யூலாக இருந்தால் முதலில் ஹை எழுதி, பிறகு அவுட்புட் ஆக்குங்கள். வரிசை மாறினால் நொடிக்கும் குறைவாக லோ போய்விடும்.

மின்சாரக் கணக்கில்தான் பலர் சிப்பைச் சுடுகிறார்கள். ஒரு பின்னுக்கு 40 மில்லிஆம்ப் என்பது தாண்டவே கூடாத எல்லை, தினசரி வேலைக்கு 20 போதும். சிப் முழுவதற்கும் 200. டி5 முதல் டி13 வரை ஒன்பதும் ஒரே கூட்டு. அவை வெளியே தருவது மொத்தம் 150-ஐத் தாண்டக்கூடாது. ஒன்பதிலும் 20 வீதம் இழுத்தால் 180! சிவப்பு எல்இடிக்கு 330 ஓம் போட்டால் சுமார் 9 மில்லிஆம்ப், வெளிச்சம் தாராளம். 5 வோல்ட் ரிலே காயில் 70 வரை கேட்கும். அதற்கு பிசி547 டிரான்சிஸ்டர், அதன் பேஸில் 1 கிலோ ஓம், காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு.

இன்புட் பக்கம்: 1.5 வோல்ட்டுக்குக் கீழே லோ, 3 வோல்ட்டுக்கு மேலே ஹை, இடையில் எதுவும் உறுதியில்லை. ஆகவே 3.3 வோல்ட் சென்சாரை நேராக இணைத்தால் 0.3 வோல்ட் இடைவெளியில்தான் ஓடும். குட்டை வயருக்குச் சரி. பட்டனை நீளமான வயரில் வைத்தால் உள் புல்-அப்பை நம்பாமல் வெளியே 4.7 கிலோ ஓம் போடுங்கள்.

இனி குறைகள். ஏ6, ஏ7 பெயருக்குத்தான் மற்றவை போல: அனலாக் வாசிப்பு மட்டும், ரெஜிஸ்டரும் இல்லை, புல்-அப்பும் இல்லை. டி13-இல் போர்டின் எல்இடி நேராகத் தொங்குவதால் உள் புல்-அப்போடு பட்டன் வைத்தால் எப்போதும் லோ என்றே படிக்கும். டி0, டி1 யுஎஸ்பி சீரியலுக்குச் சொந்தம். அங்கே எதையாவது மாட்டிவிட்டு அப்லோடு செய்தால் 'நாட் ரெஸ்பாண்டிங்' வரும். எதுவும் மாட்டாமலே அது வந்தால் ஆர்டுயினோ மென்பொருளின் மெனுவில் 'ஓல்ட் பூட்லோடர்' தேர்ந்தெடுங்கள். பல நகல்களில் 3.3 வோல்ட் பின்னுக்கு மின்சாரம் சிஎச்340-இன் உள்ளிருந்தே வருகிறது, ஆகவே வைஃபை மாட்யூலை அதில் மாட்டவே வேண்டாம்.

பிரெட்போர்டில் கச்சிதமாக அமரும். ஒரு பக்கம் மூன்று துளை, மறுபக்கம் இரண்டு மிஞ்சும். டைப்-சி வடிவம் வாங்குவதானால் ஏ-டு-சி கேபிளும் கையில் இருக்கட்டும். சில போர்டுகளில் அதற்கான ரெசிஸ்டர் இல்லாததால் சி-டு-சி கேபிளில் உயிரே வராது.