ரேஸ் கார் மாதிரி ராப்பிங் என்று 72,000 ரூபாய் போச்சு: சென்னைக்காரர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காருக்கு ரேஸ் கார் டிசைனில் ராப்பிங், அதாவது பெயின்ட்டின் மேல் கலர் ஷீட் ஒட்டும் வேலை, செய்து தருகிறோம் என்று சொல்லும் ஒரு கடை, என்னிடம் 72,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கடை போர்டுக்கு ஒட்டுகிற மலிவு ஷீட்டைக் காரில் ஒட்டி, பெயின்ட்டையும் பிளேடால் கீறிக் கொடுத்திருக்கிறது. பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். இரண்டு கார் நிற்கிற அளவுக்கு ஷெட், பளபளவென்று லைட், போனில் தினமும் ஒரு ரீல்ஸ். அந்த வகைக் கடை. அதே வகையில் ஒழுங்காக வேலை செய்கிறவர்களும் நகரத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இவர்கள் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

வண்டி 2012 ஃபோர்டு ஃபிகோ, வெள்ளை. நம் மறைமலை நகர் தொழிற்சாலையில் செய்தது, அப்பா வாங்கியது. ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்தியபோது தெரிந்தவர்கள் பலர் விற்றார்கள், நாங்கள் விற்கவில்லை. அதே ஃபோர்டின் ரேஸ் கார் ஜிடி40, பிரான்ஸில் நடக்கும் லே மான் 24 மணி நேர ரேஸில் 1968இலும் 1969இலும் கல்ஃப் எண்ணெய்க் கம்பெனி ஸ்பான்சர் செய்த டீமின் நிறத்தில் ஓடி ஜெயித்தது. வெளிர் நீல உடம்பு, நடுவில் ஆரஞ்சுப் பட்டை, கதவில் வட்டத்துக்குள் நம்பர். இரண்டு வருடமும் ஜெயித்தது ஒரே கார்தான், சேசிஸ் நம்பர் 1075. முதல் வருடம் 9ஆம் நம்பர் போட்டு ஓடியது, அடுத்த வருடம் 6ஆம் நம்பர். எனக்கு வேண்டியது அந்த 6. அப்போதெல்லாம் லே மானில் ஓட்டுநர்கள் ரோட்டைக் குறுக்கே ஓடிப் போய்க் காரில் ஏறிக் கிளம்ப வேண்டும். அது ஆபத்து என்று காட்டுவதற்காக 1969இல் ஜாக்கி இக்ஸ் மட்டும் நிதானமாக நடந்து போய், பெல்ட்டை முழுசாக மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்பினார். ஜாக்கி ஆலிவரும் அவரும் மாறி மாறி ஓட்டி, 24 மணி நேரம் கழித்து நூற்றுச் சொச்சம் மீட்டர் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அந்த நம்பர் என் கார்க் கதவில் வர வேண்டும் என்பது பல வருட ஆசை.

கடைக்குப் போய் கல்ஃப் டிசைன் என்று சொன்னதும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி இது: "ஒன்பதா அண்ணா, ஆறா?"

அவ்வளவுதான், அந்த இடத்தில் நம்பிவிட்டேன். இந்த ஊரில் ஒரு ஸ்டிக்கர் கடையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? டீ வந்தது. சோழவரம் ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் நடந்த ரேஸுக்குத் தன் அப்பா மெக்கானிக்காகப் போனவர் என்றார். என் அப்பாவும் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போனவர், அதையும் பேசினோம். கல்ஃப் கம்பெனியின் சொந்த நிறம் அடர் நீலமும் ஆரஞ்சும்தான், அவர்கள் வாங்கிய வில்ஷயர் எண்ணெய்க் கம்பெனியின் வெளிர் நீலம்தான் ரேஸ் காருக்கு வந்தது என்று நான் சொன்னபோது, "அதனாலதான் அண்ணா, அந்த ஷேடு கரெக்டா வரணும், இல்லன்னா அசிங்கமாயிடும்" என்றார். ஒரு ஃபிலிம் துண்டை எடுத்து ஹீட் கன்னால் சூடு காட்டி, ஒரு கப்பின் வளைவில் சுருக்கமே இல்லாமல் இழுத்து ஒட்டிக் காட்டினார். காஸ்ட் ஃபிலிம், ஐந்து வருட வாரண்டி, கூரைக்கும் பானெட்டுக்கும் சேர்த்து. வண்டியின் நிறம் மாறுவதால் ஆர்சியில் பதிய வேண்டுமே என்று கேட்டேன். "அந்த ஆர்டிஓ வேலையும் நம்மளே பாத்துடுவோம், 72க்குள்ளயே வந்துடும்" என்றார்.

முன்பணம் 40,000. கடைக் கணக்கில் ஏதோ லிமிட் என்று சொல்லி வேறொரு போன் நம்பருக்கு அனுப்பச் சொன்னார். வண்டி எடுக்கும்போது மீதி 32,000. ஆக 72,000. பில் "வாட்ஸ்அப்ல வரும்" என்றார், இன்றுவரை வரவில்லை.

வண்டியை இரவில்தான் கொடுத்தார்கள். ஷெட் லைட்டில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் டிரைவர் பக்கக் கதவில் 6, அந்தப் பக்கக் கதவில் 9. ஒரே ஸ்டிக்கர்தான், தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள்! ஆறா ஒன்பதா என்று கேட்டு என்னை நம்ப வைத்த அதே ஆளின் கடையில். பானெட்டில் இருக்கும் ஆரஞ்சுப் பட்டையும் கூரையில் இருப்பதும் நேர்க்கோட்டில் இல்லை, இரண்டு விரல் அகலம் விலகல். நீலம் அந்த நீலமே இல்லை, பிளாஸ்டிக் குடத்தின் நீலம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாதது கொஞ்ச நாள் வெயிலில் வெளியே வந்தது. பம்பர் மூலைகளிலும் கைப்பிடிக் குழியிலும் ஷீட் பின்வாங்க ஆரம்பித்து, ஓரத்தில் அழுக்குப் பிடித்த பசைக் கோடு நின்றது. இஞ்சின் சூடு படுகிற பானெட்டில் ஆரஞ்சு வெளுத்தது. துணியால் துடைத்தால் துணியில் ஆரஞ்சு ஏறுகிறது. பிரிண்ட் அடித்த ஷீட்டின் மேல் லேமினேஷனே போடவில்லை. காஸ்ட் ஃபிலிம் என்பது திரவமாக ஊற்றிக் காய வைத்துச் செய்வது, அதனால் வளைவில் இழுத்து ஒட்டினாலும் சொன்னபடி இருக்கும். உருளைகளுக்கு இடையில் அழுத்தி இழுத்துச் செய்கிற ஷீட் மலிவு. ஆனால் சூடு பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். சமமான போர்டில் அது ஒன்றும் செய்யாது. சென்னை வெயிலில் நிற்கிற கார் பம்பரில் என்ன ஆகும்? எனக்குக் காட்டியது முதல் வகை, ஒட்டியது இரண்டாவது. டிக்கியில் அவர்கள் விட்டுவிட்டுப் போன மிச்சத் துண்டின் பின்பக்கத் தாளில் வேறு கம்பெனிப் பெயர், போர்டு வேலைக்கானது என்றே அச்சடித்திருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் நம்பரைப் பற்றிப் போன் செய்தேன். "ரெண்டுமே ஜெயிச்ச வண்டிதானே அண்ணா" என்றார். அப்படியே என் காதில் விழுந்தது இது. பட்டை விலகலுக்கு, "உங்க வண்டி பழசு சார், பாடியே நேரா இல்ல." ஓரம் பிரிவதற்கு, "வெயில்ல நிறுத்தாதீங்க சார்." சென்னையில் காரை வெயிலில் நிறுத்தாமல் எங்கே நிறுத்துவது? அதற்குப் பிறகு வாட்டர் வாஷ் செய்த இடத்தின் மேல் பழி. பிறகு மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார். பிறகு மாஸ்டரே வேலையை விட்டுப் போய்விட்டார். வாரண்டி என்று கேட்டால், "அது ஃபிலிம் கம்பெனி தர்றது சார், அவங்களக் கேளுங்க." எந்தக் கம்பெனி என்று கேட்டால் பதில் இல்லை. ஆர்சி விஷயம் கேட்டதற்கு, "அதெல்லாம் யாரும் பிடிக்க மாட்டாங்க சார்." நேரில் போனேன். ஷெட்டில் வேறொரு காரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஃபிரேமில் வருகிறேன், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். 72,000 ரூபாய் கொடுத்தவன் தள்ளி நிற்க வேண்டுமாம். இப்போது என் மெசேஜுக்கு ஒற்றை டிக்தான் விழுகிறது. பிளாக் செய்துவிட்டார்கள்.

வேறு கடையில் ஷீட்டைப் பிரிக்கக் கொடுத்தேன். பிரித்த பையன் வேலை தெரிந்தவன். ஹீட் கன் காட்டி மெதுவாகத்தான் எடுத்தான். கதவு ஓரங்களில், பம்பர் சேரும் இடத்தில், பெட்ரோல் மூடியைச் சுற்றி, ஒட்டிய பிறகு காரின் மேலேயே பிளேடு வைத்து அறுத்திருக்கிறார்கள். நகத்தை வைத்து இழுத்தால் கோடு தட்டுகிறது. பெட்ரோல் மூடிப் பக்கம் பிரைமர் தெரிகிறது. "ஷீட்டுக்கு அடியில நூல் டேப் வெச்சு, அந்த நூல இழுத்து அறுக்கணும்ணா, பிளேடு பெயின்ட்ல படவே கூடாது" என்றான். முன்பக்க இடது ஃபெண்டர் முன்பு ஒருமுறை இடிபட்டு மறுபெயின்ட் அடித்தது. அங்கே ஷீட்டோடு பெயின்ட்டும் உரிந்து வந்தது. மறுபெயின்ட் அடித்த இடம் இருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன் கேட்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி என்கிறான் அந்தப் பையன். அந்தக் கடையில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நாங்கள் இருப்பது திருவான்மியூர். உப்புக் காற்றில் அந்தக் கீறல்கள் துருப்பிடிக்க எத்தனை நாள் ஆகும்? 72,000 போனது போக, பிரித்த கூலி, இனி பெயின்ட் செலவு.

அப்பா வந்து ஃபெண்டரைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஃபிலிம் ரோலைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பின்பக்கத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயரும் ஃபிலிம் வகையும் எழுதிய பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், தனி நபர் நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். வண்டியைப் பகலில் மட்டும் வாங்குங்கள். ஆர்சியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். பழைய வண்டியாக இருந்தால் மறுபெயின்ட் அடித்த இடத்தை நீங்களே காட்டிவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் பதிவு செய்யப் போகிறேன், தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, அந்த மிச்சத் துண்டு, பிளேடு கீறல் படங்கள், பிரித்த கடையின் பில் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களிடமும் முன்பணத்தை வேறு நம்பருக்கு அனுப்பச் சொல்லி, ஆறா ஒன்பதா என்று கேட்ட கடை ஒன்று இருந்தால், வண்டியை இன்னும் ஒப்படைக்கவில்லை என்றால், தயவுசெய்து ஒப்படைக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.