25 முளைகளும் ஒரு ரப்பர் வளையமும்: ஜியோபோர்டு வாங்க நினைப்பவர்களுக்கு

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குச் சதுரம் என்றால் என்னவென்று தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். முனை கீழே வரும்படி சாய்த்து வரைந்த ஒரு சதுரத்தின் அடியில் அவள் ‘டைமண்ட்’ என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, நோட்டைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினேன். “இப்போ இது சதுரம்” என்றாள். பழையபடி திருப்பினேன், பழையபடி டைமண்ட் ஆகிவிட்டது. பக்கங்களையும் கோணங்களையும் பார்த்து அவள் பெயர் சொல்லவில்லை, அது நிற்கும் நிலையைப் பார்த்துச் சொல்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அதற்காக வாங்கியதுதான் இந்த ஜியோபோர்டு: முளைகளில் ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டி வடிவங்கள் அமைக்கும் பலகை. இரண்டு மாதப் பழக்கத்துக்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

பொருள் எளிமையானது. சுமார் 18 செ.மீ. பக்கமுள்ள பிளாஸ்டிக் பலகையில் வரிசைக்கு ஐந்தாக 25 முளைகள். அடுத்தடுத்த முளைகளுக்கு இடையே 3.5 செ.மீ.; பின்பக்கத்தில் வட்டமாக 12 முளைகள். கூடவே ஒரு பை நிறைய வண்ண ரப்பர் வளையங்களும் ஒரு செயல்பாட்டுக் கையேடும் வந்தன. எல்லாம் சேர்த்து விலை 300 ரூபாய்க்குள் அடங்கியது. பலகையைப் பார்த்ததும் என் அம்மா, “அஞ்சு புள்ளி அஞ்சு வரிசை, நேர்ப்புள்ளி” என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது. வகுப்பறைக்கான இந்தக் கருவியை 1950களில் உருவாக்கிப் பரப்பியவர் கணிதக் கல்வியாளர் கேலப் கட்டெக்னோ. மரப்பலகையும் ஆணிகளும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம் என்பதால், வாங்குவதா வேண்டாமா என்று நானும் சில நாள் யோசித்தேன்.

தாளில் வரைவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு முனையை மட்டும் கழற்றி வேறொரு முளையில் மாட்ட முடிகிறது என்பதுதான். செவ்வகத்தின் ஒரு முனையை ஒரு முளை தள்ளி மாட்டினால் சரிவகம். மறுமுனையையும் அதே பக்கம் அதே அளவு தள்ளினால் இணைகரம். எது மாறியது, எது மாறாமல் இருக்கிறது என்ற கேள்வி கையிலேயே எழுந்துவிடுகிறது. வடிவத்தைத் தோற்றத்தால் அடையாளம் காண்பது முதல் நிலை என்றும், பண்புகளால் அறிவது அடுத்த நிலை என்றும் நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதியர் 1957இல் விளக்கினார்கள். என் மகள் முதல் நிலையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்ததை இந்தப் பலகையில்தான் கண்ணால் பார்த்தேன்.

அது நடந்தது சாய்ந்த சதுரத்தில். ஒரு முளையிலிருந்து வலப்பக்கம் இரண்டு, மேலே ஒன்று. அங்கிருந்து இடப்பக்கம் ஒன்று, மேலே இரண்டு. இப்படியே சுற்றி வந்தால் நேராகவும் இல்லாத, டைமண்டாகவும் நிற்காத ஒரு வடிவம் கிடைக்கிறது. அதன் ஒவ்வொரு மூலையிலும் அஞ்சலட்டையின் மூலையை வைத்துப் பார்த்தாள், சரியாகப் பொருந்தியது. நான்கு பக்கங்களையும் நூலால் அளந்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, “சாஞ்சிருக்கு, ஆனா சதுரம்தான்” என்றாள். 25 முளைகளில் நேராக நிற்கும் சதுரங்கள் 30. சாய்ந்தவற்றையும் சேர்த்தால் 50. முதல் 30 ஒரே மாலையில் முடிந்துவிட்டன. மீதி 20 ஒரு வாரம் இழுத்தன. அந்த வாரத்துக்கே கொடுத்த பணம் சரியாகிவிட்டது.

மூலைவிட்டங்களுக்கு வேறு நிறத்தில் இரண்டு வளையங்களை மாட்டலாம். செவ்வகத்தில் அவை சம நீளமாக இருக்கும், ஆனால் செங்குத்தாக வெட்டாது. சாய்சதுரத்தில் செங்குத்தாக வெட்டும், ஆனால் சம நீளமாக இருக்காது. சதுரத்தில் இரண்டும் உண்டு. இன்னொன்றையும் நான் எதிர்பார்க்கவில்லை. ரப்பர் வளையம் தானாக உள்ளே குழியாது என்பதால், அம்புமுனை போன்ற குழிந்த நாற்கரம் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே உள்ளே இழுத்து ஒரு முளையில் மாட்ட வேண்டும். அதற்கும் நான்கு பக்கங்கள்தான் என்று அவள் வாதாடி நிறுவினாள்.

கையேடு வேறு கதை. படகு, வீடு, மீன் என்று பாதிப் பக்கங்கள் போய்விடுகின்றன. சாய்ந்த சதுரத்துக்கு அதிலும் ‘டைமண்ட்’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அதைவிட மோசம், முன்பக்க முளைகளில் ஒரு முக்கோணத்தைக் காட்டிச் ‘சமபக்க முக்கோணம்’ என்று சொல்வது. அந்தப் படத்தின்படி மாட்டினால் அடிப்பக்கம் நான்கு இடைவெளி, உயரம் மூன்று. அதாவது அடி 14 செ.மீ., மற்ற இரு பக்கங்கள் சுமார் 12.6 செ.மீ. அது இருசமபக்க முக்கோணம். சதுரக் கட்டத்தில் அமைந்த முளைகளில் சமபக்க முக்கோணம் எப்படி முயன்றாலும் அமையாது. பின்பக்க வட்டத்தில் நான்கு முளைக்கு ஒன்றாக மாட்டினால் துல்லியமாக அமையும். இரண்டுக்கு ஒன்றாக மாட்டினால் ஒழுங்கு அறுங்கோணம் வரும். ஒழுங்கு ஐங்கோணம் ஏன் வரவில்லை என்று அவளே 12ஐ 5ஆல் வகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். இப்படியொரு பக்கத்தை வைத்துக்கொண்டு கையேட்டில் அதற்கு ஒரே ஒரு தாள் ஒதுக்கியிருப்பது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

பலகைக்கும் ஒரு குறை உண்டு. அதைப் பெற்றோர் தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். சதுரத்தின் மேல்பக்கத்தை ஒரு முளை தள்ளினால் சாய்சதுரம் வந்துவிட்டதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள்; உண்மையில் ரப்பர் நீண்டுவிடுவதால் சாய்ந்த பக்கங்கள் பெரிதாகி, வெறும் இணைகரம்தான் கிடைக்கிறது. பக்க நீளம் மாறாமல் கோணம் மட்டும் மாறுவதைக் காட்ட, நான்கு ஐஸ் குச்சிகளின் முனைகளைத் துளையிட்டு நூலால் கட்டிய சட்டமே ஏற்றது. சுற்றளவிலும் இதே சிக்கல்: முளைகளை எண்ணி நான்கு என்பார்கள், இடைவெளியோ மூன்றுதான், மூலைவிட்டமாகப் போகும் இடைவெளியையும் ஒன்று என்றே கணக்கிடுவார்கள்.

கூடவே தந்த ரப்பர் வளையங்களில் பாதி முதல் மாதத்திலேயே அறுந்தன. ஸ்டேஷனரி கடையில் கொஞ்சம் தடித்த வளையங்களாகத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். சுண்டிவிட்டால் கண்ணில் படும் என்பதால் சிறு பிள்ளைகளிடம் தனியே கொடுக்காதீர்கள். கடையில் வாங்குவதானால் முளைகளின் தலை சற்று அகன்றிருக்கிறதா, பின்பக்க வட்டம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்; வட்டம் இல்லாத பலகையின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை நான் வாங்கமாட்டேன்.